வேலியோரத்து விஷமும் விதையின் விலையும்

நம் கிராமத்துப் பழைய வேலிகளை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதில் புலப்படும். ஆடு மாடு விரும்பித் தின்னும் செடி அவ்வேலிகளில் அருகியே காணப்படும். எருக்கு, திருகுகள்ளி, காட்டாமணக்கு, ஆடாதோடை, அரளி என்று அங்கு நிற்பவை பெரும்பாலும் விஷமுள்ளவை. இல்லையேல் கால்நடைகள் வெறுத்து ஒதுக்குபவை. ஆடாதோடைக்கு அப்பெயர் வந்ததே ஆடு தொடாமையால்தான் என்பர். காவலுக்கு ஆகும் என்று தெரிந்தே நம் பெரியோர் இவற்றைத் தேடி நட்டனர். முள்ளும் கம்பியும் வாங்கப் பணமில்லாத காலத்தில் செடியின் விஷமே பயிருக்கு வேலியாக நின்றது.

இச்செடிகளைப் பற்றி இன்று இரண்டு விதமான அபிப்பிராயங்கள் வழங்கி வருகின்றன. விஷமுள்ள செடி ஊரில் ஒன்றும் இருத்தலாகாது, வேரோடு களைந்தெறிய வேண்டும் என்பது ஒன்று. செடியிலிருந்து கிடைப்பது யாவும் இயற்கையானது, ஆதலின் தீங்கற்றது என்பது மற்றொன்று. இரண்டும் பட்டணத்திலிருந்து வந்த பேச்சே ஒழிய, காட்டிலும் தறியிலும் உழைத்தவர்களின் பேச்சாகத் தோன்றவில்லை.

முதற் கட்சியார் 2024-ம் வருஷத்துக் கேரளச் செய்தியை எடுத்துக் காட்டுவதுண்டு. அவ்வருஷம் மே மாதத்தில் திருவாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் அரளிப்பூவை நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் சேர்ப்பதை நிறுத்தின. அது தகுந்த முடிவே. அரளியில் இலை, பூ, வேர், பட்டை அனைத்தும் இருதயத்தைத் தாக்கக் கூடியவை. ஆனால் அப்போர்டுகள் செய்தது யாது என்பதைக் கவனிக்க வேண்டும். வாய்க்குள் போகும் பொருளிலிருந்து அப்பூவை விலக்கினார்கள். மற்றப் பூசைக் காரியங்களுக்கு அது வரலாம் என்று விட்டார்கள். செடியை வெட்டச் சொன்னதாக அதற்குப் பொருள் கொள்வது பிசகு.

இரண்டாம் கட்சியார்க்கு விடையாக வேப்பெண்ணெயைச் சொல்லலாம். வேம்பைவிட நமக்கு நெருங்கிய மரம் வேறில்லை. வேம்பின் குணத்தைத் தம் கண்டுபிடிப்பு என்று அயல்நாட்டார் வாங்கிய காப்புரிமை ஒன்றை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000-ல் ரத்து செய்ததையும், 2005-ல் அந்த ரத்து உறுதியானதையும் நாம் பெருமையோடு பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் 1981-ல் மலேசியாவிலுள்ள மருத்துவர்கள் வேறொரு செய்தியையும் எழுதி வைத்தார்கள். அங்கு வாழும் இந்தியக் குடும்பங்களில் சளிக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதனால் வலிப்பும் மயக்கமும் கண்டு குழந்தைகள் ஆபத்துக்குள்ளான விவரம் அது. புகட்டியவர்கள் தாய்மாரும் பாட்டிமாருமே, அன்பினால் செய்தது. பெரியவர் மேனிக்குப் பூசும் எண்ணெய் வேறு, பச்சைக் குழந்தையின் வயிற்றுக்குள் போகும் எண்ணெய் வேறு என்ற பேதம் வழியில் எங்கோ தவறிவிட்டது.

நான் சொல்ல விழைவது இதுதான். ஒரு விஷச் செடியின் பயனை அறிந்தவரிடம் அதன் கெடுதியைப் பற்றிய அறிவும் கூடவே இருந்த வரையில் அது ஊருக்கு உதவிற்று. சரக்கு ஒரு கைக்கும் அறிவு வேறொரு கைக்கும் பிரிந்து போனவிடத்தே துன்பம் புகுந்தது. இன்று நம் வட்டாரங்களில் அப்பிரிவை உண்டாக்குவது பெரும்பாலும் வியாபாரம். ஆகவே இது மருத்துவர்க்கு மட்டும் உரிய விஷயமன்று. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இதில் வேலை உண்டு.

நெசவாள அங்கத்தினர்கள் நன்கு அறிந்த சேராங்கொட்டையையே முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் ஓட்டிலுள்ள கருஞ்சாறு மேனியில் பட்டால் கொப்புளம் கிளம்பும். அதே சாற்றைச் சுண்ணாம்போடு சேர்த்துத் துணியில் குறியிட்டால் எத்தனை வெளுப்புக்கும் அழியாது. எந்த வீட்டுத் துணி எது என்று சலவைத் தொழிலாளர் அடையாளம் கண்டது இக்குறியினால்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நூறு வீட்டுக் குறியை மனத்தில் வைத்திருந்தார்கள். சாற்றை ஊசி முனையளவு எடுப்பதும், துணியின் ஓரத்தில் உடம்பில் உராயாதபடி இடுவதும் அத்தொழிலின் பழக்கம். இரண்டாவது உலகப் போரின்போது இந்தியாவில் தங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள் பலருக்குக் கழுத்தின் பின்புறம் அரிப்பும் புண்ணும் கண்டன. சட்டைக் கழுத்துப்பட்டையில் இட்ட சேராங்கொட்டைக் குறியே அதற்குக் காரணம் என்று அந்நாட்டு மருத்துவர்கள் 1943-ல் எழுதினார்கள். ஆயிரக்கணக்கான உருப்படிகளுக்கு அவசர அவசரமாகக் குறியிட வேண்டி வந்தால், ஓரம் பார்த்து இடும் பழக்கம் எங்கே நிற்கும்?

எருக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வையே மங்கிவிடும். ஆயினும் அதன் தழை வயலுக்கு நல்ல உரம். தண்டின் நார் வில்லுக்கு நாணாகவும் மீன் பிடிக்கும் கயிறாகவும் பயன்பட்ட உறுதி உடையது. காயிலுள்ள பஞ்சு தலையணைக்கு ஆகும். அதை நூற்றுத் துணியாக்க அவ்வப்போது முயற்சிகள் நடப்பதுண்டு. அப்பஞ்சு வழவழப்பாக இருத்தலின் இழை ஒன்றையொன்று பற்றாமல் நழுவும். பருத்தியோடு கலந்தால்தான் நூலாக நிற்கும். எருக்கம்பஞ்சில் சேலை என்று விளம்பரம் கண்டால், அதில் பருத்தி எத்தனை பங்கு என்று நெசவாளர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

ஆமணக்கு இவற்றினும் விரிவாகச் சொல்லத்தக்கது. அதன் விதையிலுள்ள ரிசின் என்னும் விஷம் மிகக் கொடியது. எண்ணெயில் அது கரைவதில்லை. ஆகவே விதையை ஆட்டும்போது எண்ணெய் தனியே வந்துவிட, விஷம் பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. எண்ணெய் விளக்கெரித்தது, வண்டி அச்சுக்கு மையாயிற்று, துவரையையும் பயற்றையும் வண்டு துளைக்காதபடி காத்தது. பிண்ணாக்கோ தழைச்சத்து மிகுந்த எருவாக நிலத்துக்குப் போயிற்று. கரையானும் அதனால் விலகும் என்பது பல விவசாயிகளின் அனுபவம். நிலக்கடலைக் காட்டின் ஓரத்தில் ஆமணக்கை ஒரு வரிசை ஊன்றி வைத்தால் இலை தின்னும் புழு அதன் அகன்ற இலையை நாடிச் சேரும். அங்கேயே பொறுக்கி அழித்துவிடலாம். அஸ்ஸாமில் இவ்விலையைப் பட்டுப்புழுவுக்கே உணவாக்கினர். எரிப்பட்டு என்று வழங்கும் அப்பட்டின் பெயரே ஆமணக்கைக் குறிக்கும் அந்நாட்டுச் சொல்லிலிருந்து வந்தது. அதன் கூடு ஒரு புறம் திறந்திருப்பதால், பூச்சி பறந்து போன பின் கூட்டைப் பருத்தியைப் போலவே தக்ளியிலும் ராட்டையிலும் நூற்கிறார்கள். ஒரே செடியில் ஒருவர்க்கு எண்ணெய், ஒருவர்க்கு எரு, ஒருவர்க்கு நூல்!

இத்தனை பயனுள்ள செடியில் கெடுதி எங்கு நேர்கிறது? பண்டகசாலையில் நேர்கிறது. கடலைப் பிண்ணாக்கும் ஆமணக்குப் பிண்ணாக்கும் ஒரே கூரையின்கீழ், ஒரே மாதிரிச் சாக்குகளில் அடுக்கப்படும்போது கை மாறிப் போவதற்கு அதிக நேரம் ஆகாது. முன்பு உள்ளூர்ச் செக்கில் ஆட்டியவரே எது மாட்டுக்கு, எது மண்ணுக்கு என்று வாயால் சொல்லிக் கொடுத்தார். இப்பொழுது சாக்குதான் பேச வேண்டும், சாக்கோ பேசுவதில்லை. ஆமணக்குப் பிண்ணாக்கு விற்கும் ஒவ்வொரு சங்கத்தாரும் 'மாட்டுத் தீவனத்துக்கு ஆகாது' என்று தமிழில், பெரிய எழுத்தில், சாக்கின் இரு புறமும் அச்சிட வேண்டும் என்பது என் துணிபு. அதற்கு ஆகும் செலவு ஒரு கறவை மாட்டின் விலைக்குமுன் எம்மாத்திரம்?

முன்னோர் வழக்கம் என்பதற்காக யாவும் போற்றத்தக்கன ஆகிவிடா. வேலிக் கள்ளியின் பாலையும் எருக்கம்பாலையும் பிறந்த பெண் சிசுக்களைக் கொல்லப் பயன்படுத்திய கொடுமையும் நம் மாவட்டங்கள் சிலவற்றில் இருந்ததே. அதன்பொருட்டு 1992-ல் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேரிட்டது. அதற்குக் காரணம் கள்ளியன்று. பெண் பிறந்தால் செலவு என்ற கணக்கு. இதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவது முறையாகும்.

இனி இக்கட்டுரையின் முக்கிய விஷயத்துக்கு வருவோம். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதுவே கண்வலிக்கிழங்கு, கிழங்கு வளைந்து கலப்பை வடிவில் இருத்தலின் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வர். முற்காலத்தில் வேலியில் தானே படர்ந்து கிடந்த இக்கொடி இன்று திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர், தாராபுரம் பக்கங்களிலும், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளிலும், வேதாரண்யம் பக்கத்து மணற்காடுகளிலும் பணப்பயிராக நிற்கிறது. இதில் உள்ள கொல்சிசின் என்னும் சத்து மூட்டுகளில் யூரிக் அமிலம் தங்கி வீங்கும் நோய்க்கு மருந்தாகிறது. கிழங்கைக் காட்டிலும் விதையில் அச்சத்து மிகுதி. ஆதலின் விதைக்கே கிராக்கி. செடிகளின் உயிரணுவில் இனக்கீற்றுகளை இரட்டிப்பாக்கும் ஆற்றலும் இதற்கு உண்டு என்பதை 1937-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டனர். விதையில்லாத தர்ப்பூசணி பிறந்தது அவ்வழியில்தான்.

இப்பயிரின் பாடு சொல்லி மாளாது. நடவுக் கிழங்கின் விலை அதிகம். கொடி ஏறுவதற்குக் கம்பியோ முள்வேலியோ அமைக்க வேண்டும். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி விலகி நிற்பதால் மகரந்தம் தானே சேர்வது குறைவு. காலை வேளையில் ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், வரிசை வரிசையாக நடந்து பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். ஒரு நாள் தவறினால் அன்று மலர்ந்த பூவெல்லாம் வீண். (இவ்வளவு விஷமுள்ள கொடியையும் தின்று கொழுக்கும் புழு ஒன்று இருக்கிறது. அதற்கு அஞ்சி மருந்து தெளிப்பதிலும் விவசாயியின் பணம் கரைகிறது.) தை, மாசியில் காய் பறித்து, உலர்த்தி, உடைத்து, விதையைப் பிரிக்கும் வரை இவ்வேலை ஓய்வதில்லை.

இத்தனைக்கும் பிறகு விலையை நிர்ணயிப்பவர் யார்? விதைத்தவர் அல்லர். உள்ளூரில் இதை யாரும் உண்பதில்லை, உடுப்பதில்லை. நெல்லையும் கடலையையும் சந்தை விழுந்தால் வீட்டிலாவது பயன்படுத்தலாம். கண்வலி விதையை என்ன செய்வது? வாங்குவோர் மிகச் சிலர். அவர்களுக்கு மேலே ஏற்றுமதி செய்வோர், அவர்களுக்கும் மேலே அயல்நாட்டு மருந்துக் கம்பெனிகள். மேலே என்ன விலை போகிறது என்பது காட்டில் நிற்பவர்க்குத் தெரிய வழியில்லை. அறுவடை முடிந்ததும் விலை இறங்குகிறது. கடன் நெருக்கும் சிறு விவசாயி கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். சற்று வசதியுள்ளவர் விலை ஏறட்டும் என்று விதையை மூட்டையாகக் கட்டி வீட்டில் வைத்துக்கொள்கிறார்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மூட்டை இருப்பது படுக்கும் அறையில், அல்லது அடுக்களைக்குப் பக்கத்துப் பரணில். விதையோ சிவந்து உருண்டு குழந்தையின் கண்ணைக் கவரக்கூடியது. கொல்சிசின் உட்சென்றால் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் தொடங்கும். சாதாரண வயிற்றுப்போக்கு என்றெண்ணி வீட்டார் காலம் கடத்துவர். அடுத்தடுத்த நாட்களில் அது உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தாக்கும். நம் ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. விரைவில் கொண்டு சேர்ப்பதொன்றே வழி. இலங்கையில் இதன் கிழங்கை வத்தாளங்கிழங்கு என்று மயங்கி அவித்து உண்டு இறந்தவர்களும் உண்டு. விலை குறைந்தால் விஷம் வீட்டுக்குள் வருகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இதற்கு வழியில்லை என்று சொல்வதற்கில்லை. நம் கண்முன்னேயே வேறொரு விஷச் செடியின் கதை இருக்கிறது. மரவள்ளியைச் சொல்கிறேன். மரவள்ளியின் தழையிலும் கிழங்குத் தோலிலும் நசுக்கினால் சயனைடு வெளிப்படும். அவற்றை மேய்ந்த ஆடுகள் வீழ்ந்து மடிவது சேலம், நாமக்கல் வட்டாரத்தார் அறிந்ததே. ஆனால் கிழங்கைச் சீவி, அரைத்து, நீரில் கரைத்து, தெளியவைத்து, உலர்த்தும் முறையில் அது நீங்கிவிடுகிறது. வந்த மாவு ஜவ்வரிசியாகிறது. துணி ஆலைகளில் பாவுக்குக் கஞ்சியாகவும் ஏறுகிறது. இடைத்தரகர்களின் கைக்குள் கிடந்த இவ்வியாபாரத்தை ஒழுங்குபடுத்தச் சேலத்து உற்பத்தியாளர்கள் 1981-ல் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தனர். சேகோசர்வ் என்று வழங்குவது அதுவே. அங்கத்தினர் சரக்கைச் சங்கக் கிடங்கில் சேர்த்து, அதன்மேல் முன்பணம் பெற்று, டெண்டர் முறையில் விற்கிறார்கள். அது ஆலைக்காரர்களின் சங்கமே ஒழியக் கிழங்கு விளைவிப்போரின் சங்கமன்று என்ற குறை எனக்கு உண்டு. இருந்தபோதிலும், சரக்கு ஓரிடத்தில் சேர்ந்தால் விலை கேட்பவன் வாசலுக்கு வருவான் என்பதை அது காட்டியிருக்கிறது.

கண்வலி விதைக்கும் இவ்வழி பொருந்தும். இம்மாகாணத்தில் 1933-ல் இயற்றிய சட்டத்தின்படி 1936-ல் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தோன்றிய இடம் திருப்பூர். பருத்தி விவசாயியை எடையிலும் விலையிலும் ஏமாறாமல் காக்கவே அது தோன்றிற்று. அதே மாவட்டத்து விவசாயி தொண்ணூறு வருஷங்களுக்குப் பின் ஒரு மருந்துப் பயிரை வீட்டுப் பரணில் வைத்துக்கொண்டு வியாபாரியின் டெலிபோனை எதிர்பார்த்திருப்பது நமக்குப் பெருமை தருவதன்று. விற்பனைக்கூடங்களில் சரக்கை வைத்து ஈட்டுக்கடன் பெறும் ஏற்பாடு ஏற்கனவே உண்டு. கண்வலி விதைக்கெனப் பூட்டுள்ள தனி அறை ஒன்றும், விதையில் கொல்சிசின் எத்தனை பங்கு என்று சோதித்துச் சொல்லும் வசதியும் சேர்ந்துவிட்டால், நல்ல விதைக்கு நல்ல விலை என்று வாதாட நம் கையில் ஆதாரம் இருக்கும். இப்பொழுது தரம் பற்றிச் சொல்பவர் வாங்குகிறவர். விலை சொல்பவரும் அவரே.

சங்கம் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வாங்குவோர் சிலராக இருக்கும் சரக்கில் சங்கத்தையும் அவர்கள் சில வருஷம் பட்டினி போட்டுப் பார்ப்பார்கள். விதை தேங்கும். முதற் பருவத்திலேயே அங்கத்தினர் மனம் தளர்ந்து வெளியே விற்கத் தொடங்கினால் சங்கம் நில்லாது. முன்பணம் போதிய அளவு இருந்தாலன்றி இது நடவாத காரியம். ஆகவே மத்திய கூட்டுறவு வங்கியை முதலில் இசைய வைக்க வேண்டும். விதையைப் பிறகு சேர்க்கலாம்.

நெசவாள அங்கத்தினர் இதில் நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. தறி நின்ற மாதங்களில் காட்டு வேலைக்குப் போகும் குடும்பங்கள் நெசவாளரிலும் உண்டு. காய் உடைக்கும்போது எழும் தூசியும், கையோடு ஒட்டிய சாறும் அவர்களுக்கும் உரியனவே. மகரந்தம் சேர்க்கும் வேலைக்கும் காய் உடைக்கும் வேலைக்கும் கூலி பேசும்போதே கையுறை, முகத்துக்குத் துணி, உண்பதற்குமுன் சோப்பிட்டுக் கை கழுவத் தண்ணீர் ஆகியவற்றையும் சேர்த்துப் பேச வேண்டும். துணி நாம் நெய்வதுதானே! வேலை முடிந்து அதே சேலையோடு குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு இது சிறு விஷயமன்று.

மருந்துச் சட்டத்து விதிகளில் சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேரும் விஷச் சரக்குகளுக்குத் தனி அட்டவணை ஒன்று இருக்கிறது. அச்சரக்குகள் சேர்ந்த, உட்கொள்ளும் மருந்தின்மேல், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளுமாறு எச்சரிக்கை எழுத வேண்டும் என்பது விதி. எட்டிக்கொட்டையைப் பாலில் வேகவைத்தும், கண்வலிக்கிழங்கை உப்பிட்ட மோரில் ஊறவைத்தும் சுத்தி செய்த பிறகே வைத்தியர்கள் கையாண்டார்கள், அதுவும் அளவோடு. மருந்துப் புட்டிக்கு இருக்கும் எச்சரிக்கை விதை மூட்டைக்கு இல்லை. காட்டிலிருந்து துறைமுகம் வரை அம்மூட்டையைத் தூக்குபவர், தைப்பவர், அதன்மேல் சாய்ந்து உறங்கும் லாரிக் கிளீனர் ஒருவருக்கும் உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாது.

ஆடியில் கிழங்கு நடவு தொடங்கும். அதற்குமுன் மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பக்கத்துச் சங்கங்கள் தத்தம் நிர்வாகக் குழுவில் இதை விவாதப் பொருளாக வைத்து, தம் எல்லையில் எத்தனை ஏக்கர் கண்வலி நிற்கிறது, எத்தனை வீடுகளில் சென்ற வருஷத்து விதை இன்னும் இருக்கிறது என்ற கணக்கையாவது எடுத்துவிட வேண்டும். கணக்கு எடுக்கப் போகிறவர் ஒவ்வொரு வீட்டிலும் மூட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு வருவாராக.